பழ ஈயும் குழி ஈயும்

நான் பார்த்துக்கொண்ட நோயாளிகளிலேயே கனமானவர் லிப்ட்காரர். உடம்பும் கனம், வாயும் கனம். வாழ்நாள் முழுக்க லிப்ட் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு, அறுவை சிகிச்சைக்கு அப்புறமும் காலை ஊன்ற முடியாமல், நான்காவது மாடியில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகள் வேறு ஊரில். பகல் முழுக்க நான், ராத்திரிக்கு வேறொரு பெண் என்று ஏற்பாடு.

வீட்டுப் பராமரிப்புக்கு முறையாகப் பயிற்சி எடுத்தவள் நான். இந்த வேலையில் இருப்பவர்களை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், வயது வித்தியாசம் கிடையாது. அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். நான் அவரை அண்ணே என்றேன். இரண்டு பேருக்கும் தலை முழுக்க நரை.

அந்த வீட்டை யாரும் வாங்க வராமல்தான் இவருக்குக் கிடைத்ததாம். முன்னறையின் ஒரு சுவருக்குப் பின்னால் நேராக லிப்ட் ஓடுகிறது. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சுவர் லேசாக முனகும். மற்றவர்களுக்கு அது தொல்லை. இவர் அதற்காகவே வாங்கினார். கட்டிலையும் அந்தச் சுவரை ஒட்டியே போடச் சொன்னார். படுத்தபடியே, "ரெண்டாம் மாடி தடியன் ஏறிட்டான் பாரு, மோட்டார் எப்படி மூச்சு வாங்குது" என்பார். எட்டிப் பார்த்தால் இரண்டாம் மாடியில் அவன்தான் லிப்ட்டை விட்டு இறங்கிக்கொண்டிருப்பான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்த லிப்ட்டுக்கு உடம்பு சரியில்லை. ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் நிற்கும். நடுவழியில் நின்றுவிட்டுத் தானாகவே கிளம்பும். பழுது பார்க்க வந்தவர்கள் மொட்டைமாடிக்குப் போய் ஏதோ ஒரு பாகத்தை மாற்றிவிட்டுப் போவார்கள். மறுபடியும் அதே கதை.

அந்த லிப்ட்தான் அவருடைய தலையெழுத்தைப் பிடித்து வைத்திருந்தது. மகள் ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் அறை சொல்லி வைத்திருந்தாள். இல்லத்து ஆட்கள் வேனோடு ஒருமுறை வந்தார்கள். லிப்ட்டில் ஏறிய இருவரும் பாதியில் மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்து வெளியே வந்து, இனி இதில் நோயாளியை ஏற்ற மாட்டோம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சரி, நாற்காலியில் உட்காரவைத்துப் படிக்கட்டில் இறக்கலாம் என்று பார்த்தார்கள். குறுகலான படிக்கட்டு. முதல் திருப்பத்திலேயே நாற்காலியின் கால் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. முன்னால் பிடித்தவனுக்குத் தோள் பிசகியது.

"என்னடா தம்பி, அரிசி மூட்டைன்னு நெனச்சியா?" என்று இவர் மேலேயிருந்து கேட்டார். "திருப்பிக் கொண்டு போய்ப் போடுங்கடா. போற வழியில யாரும் செத்துடாதீங்க."

திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். அன்றைக்கு மாதிரி அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மகள் போனில் வாரம் தவறாமல் சொல்வாள். "அப்பா, லிப்ட் மட்டும் ஒழுங்கா ஓடட்டும். மறுநாளே வந்து கூட்டிட்டுப் போயிடறேன். அங்க டாக்டர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க. இங்க ஒண்ணு ஆச்சுன்னா உங்களை யாரு கீழ இறக்குவா?"

"சரிம்மா. லிப்ட் சரியாகட்டும்."

போனை வைத்ததும் என்னிடம் சொல்வார். "அந்த இல்லத்தை நான் பாத்திருக்கேன் சிஸ்டர். கதவு தானா சாத்திக்கும். ஜன்னல் நாலு விரல் தான் திறக்கும். ஆளை உள்ள வச்சுப் பூட்டிட்டு நல்லா பாத்துக்கறோம்னு சொல்றது. இங்க என் சாவி என் தலகாணிக்கு அடியில இருக்கு."

இருந்தது. வீட்டுச் சாவியும், கூடவே முனையில் முக்கோணக் குழி வைத்த ஒரு இரும்புச் சாவியும். லிப்ட் வராத நேரத்தில் மாடியிலிருந்து அதன் கதவைத் திறக்கிற சாவி அது. அந்தத் தொழில் செய்கிறவர்களிடம்தான் இருக்கும். எழுந்து நிற்க முடியாத மனிதர் எந்தக் கதவைத் திறக்கப்போகிறார் என்று நான் கேட்டதில்லை. தலையணை உறை மாற்றும்போது எடுத்து வைப்பேன், மாற்றியதும் திரும்ப வைப்பேன்.

இப்போது ஈக்கு வருகிறேன்.

படுத்தே கிடக்கிறவருக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் புண் வரும். எத்தனை முறை புரட்டிப் போட்டாலும் சில பேருக்கு வந்தே தீரும். இவருக்கு ஒரு ரூபாய் காசு அளவில் வந்திருந்தது. அந்த அறையில் ஈ இருக்கக் கூடாது. ஒரு காலையில் கட்டிலை ஒட்டிய சுவரில் பொடிப்பொடியாக ஏதோ உட்கார்ந்திருந்தது. அண்ணனிடம் கேட்டேன்.

"அது வாழப்பழ ஈ சிஸ்டர். பழத்தை மூடி வைக்காம இருந்தா வராம என்ன பண்ணும்?"

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு விஷயம் உண்டு. பூச்சியைக் கண்டதும் அடிக்காதே, அது யார் என்று பார், எங்கே பிறந்தது என்று தேடு. வந்த பூச்சியைக் கொன்று பயனில்லை, பிறக்கிற இடத்தைத்தான் கெடுக்க வேண்டும்.

வீட்டுக்குள் வரும் எள்ளளவு ஈக்களில் இரண்டை நான் நன்றாக அறிவேன். ஒன்று பழ ஈ. தேன் நிறம், சிவந்த கண். ஒரு இடத்தில் நிலையாக உட்காராது. கனிந்த பழத்துக்கு மேலே காற்றில் தொங்குவது போலச் சோம்பலாகச் சுற்றும். பழம் அழுக ஆரம்பிக்கும் இடம், பழச்சாறு காய்ந்த டம்ளரின் அடி, ஈரம் காயாத துடைப்பம் என்று புளித்த வாடை எங்கே உண்டோ அங்கே முட்டையிடும். பழத்தை எடுத்துவிட்டால் கொஞ்ச நாளில் குடும்பத்தோடு ஒழியும்.

இன்னொன்று சாக்கடைத் துவாரத்தில் பிறக்கிறது. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் மயிர், சிறகைக் கூரை மாதிரி மடித்து வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டினாற்போல அசையாமல் உட்காரும். பார்த்தால் குட்டி அந்துப்பூச்சி என்று நினைப்போம். தூரமாகப் பறக்கத் தெரியாது. விரட்டினால் ஒரு சாண் தள்ளிப்போய் உட்காரும். விரலால் அழுத்தினால் சாம்பல் கோடு போல ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பழமும் வேண்டாம் இனிப்பும் வேண்டாம். குழாய்க்குள் வழவழவென்று படிகிற அழுக்குதான் வீடு, சாப்பாடு, பிரசவ அறை எல்லாம்.

சுவரில் இருந்தது இரண்டாவது. விரலில் சாம்பல் ஒட்டியது.

"அண்ணே, இது பழ ஈ இல்ல."

"பழ ஈதான். கண்ணாடியைப் போட்டுட்டுப் பாரு."

எனக்கு அப்போதே ஏதோ உறைத்திருக்க வேண்டும். மாத்திரைப் பட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிற மனிதர் அவர்.

வேலையைப் பார்த்தேன். குளியலறைத் துவாரம், சமையலறைத் தொட்டி, கை கழுவும் இடம் எல்லாவற்றையும் தேய்த்துக் கொதிநீர் ஊற்றினேன். பிறகு ஒவ்வொரு துவாரத்தின் மேலும் டேப்பை, ஒட்டுகிற பக்கம் கீழே இருக்கும்படி ஒட்டிவிட்டுப் போனேன். உள்ளே ஈ பிறந்தால் மேலே வரும்போது டேப்பில் மாட்டிக்கொள்ளும். மறுநாள் காலையில் வந்து பிரித்தால் ஒன்றில்கூட ஒரு ஈ இல்லை. சமையலறையில் வைத்திருந்த பழத்துண்டும் சோப்புத் தண்ணீரும் கலந்த கிண்ணத்தில் மட்டும் இரண்டு மூன்று சிவப்புக் கண்ணன்கள் மிதந்தன. அவை எங்கும் இருப்பவை.

வீட்டில் பிறக்கவில்லை, ஆனால் வீட்டுக்கு வருகிறது. அதுவும் இந்த ஒரு சுவருக்கும் வாசல் கதவுக்கும் பக்கத்தில் மட்டும். ஒரு சாணுக்கு மேல் பறக்காத ஈ நான்கு மாடி ஏறி எப்படி வரும்? அண்ணன் மட்டும் விடாமல் பழத்தையே குறை சொன்னார். "அந்த வாழப்பழத்தை முதல்ல தூக்கிப் போடு." போட்டேன். ஈ வந்தது. லிப்ட் ஓடுகிற நாட்களில் நிறைய வந்தது, நிற்கிற நாட்களில் சுவர் வெறுமையாக இருந்தது. எனக்கு அது கண்ணில் பட்டது, அர்த்தம் புரியவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் லிப்ட்டில் ஏறுவது அவருக்குப் பிடிக்காது. ஓடுகிற நாளிலும், "படியில வா சிஸ்டர். உனக்கும் கொஞ்சம் தொப்பை கரையட்டும்" என்பார். என் முட்டி என்ன பாடு படுகிறது என்று தெரிந்தும் சொல்வார். கிண்டல் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் முட்டி வீங்கிவிட்டது. மருந்துக்கடைக்குப் போய்விட்டு, கையில் பையோடு, லிப்ட் கீழே நிற்பதைப் பார்த்து ஏறிவிட்டேன். மூன்றாவது மாடி தாண்டி எங்கள் மாடியை நெருங்கும்போது ஒரு குலுக்கல். விளக்கு அணைந்தது. நின்றது.

அடைபட்டால் எப்படி இருக்கும் என்று என் நோயாளிகள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்பது வேறு. முதலில் வந்தது கோபம். பிறகு வாடை, தேங்கிய சாக்கடை வாடை. போன் விளக்கைப் போட்டேன். தரைக்கும் கதவுக்கும் நடுவே உள்ள இடுக்கிலிருந்து சாம்பல் நிற ஈக்கள் ஒவ்வொன்றாக ஏறிவந்து கதவில் உட்கார்ந்தன. கூரை மாதிரி மடித்த சிறகு. எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

போனில் சிக்னல் இல்லை. எச்சரிக்கை மணியை அழுத்தினேன். வேலை செய்யவில்லை. கதவைத் தட்டினேன். வீட்டு வாசல் கதவை நான் திறந்துவைத்துவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று. அவர் குரல் கேட்டது, கிணற்றுக்கு மேலேயிருந்து பேசுவது போல.

"உள்ள யாரு?"

"நான்தான் அண்ணே!"



"உன்னை ஏறாதேன்னு சொன்னேன்ல!" அப்புறம் குரல் மாறியது. அது நான் கேட்டிராத குரல். நிதானமாக, கனிவாக. "சரி. தனியாவா இருக்க?"

"ஆமா."

"கதவை இழுக்காத. கதவை விட்டுத் தள்ளி நில்லு. உனக்குக் காத்து வருது, மூச்சு முட்டாது. முட்டுற மாதிரி தோணும், ஆனா முட்டாது. புரியுதா? இப்ப வலது கைப்பக்கச் சுவர்ல உன் இடுப்பு உசரத்துல தட்டு."

தட்டினேன்.

"இன்னும் ஒரு தடவை."

தட்டினேன். அவர் அந்தப் பக்கம் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. "என் கட்டில் காலுக்கு நேரா கேக்குது. ஒரு ஸ்டூல் உசரம் தான் கீழ நிக்குற. ஏறி வந்துடலாம். வாட்ச்மேனைக் கூப்பிடறேன்."

போன் அவர் கையில் இருந்தது. வாட்ச்மேன் மூச்சிரைக்க ஏறிவந்தான். அவனிடம் அவர் பேசியது எல்லாம் என் காதில் விழுந்தது.

"மொட்டைமாடி ரூமுக்குப் போயி மெயின் சுவிட்சை இறக்கு. இறக்கிட்டு எனக்கு போன் பண்ணு. நான் சுவர்ல காதை வச்சுப் பாத்துட்டுச் சொன்னப்புறம்தான் கதவைத் தொடணும்."

"நேரா கதவைத் திறந்தா என்ன சார்? சிஸ்டர் பாவம் கத்திட்டு இருக்காங்க."

"நான் ஒண்ணும் கத்தல!" என்றேன் உள்ளேயிருந்து.

"பாத்தியா, கத்தலையாம். டேய், திறக்கும்போது லிப்ட் கிளம்புச்சுன்னா அவங்களை ரெண்டா எடுக்கணும். போடா மேல."

போனான். அந்த நேரம் முழுக்க அவர் என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். முன்பு ஒரு கல்யாண மாப்பிள்ளை மாட்டிக்கொண்ட கதை. வெளியே எடுத்ததும் மாப்பிள்ளை படியில் இறங்கித் தலைதெறிக்க ஓடிவிட்டானாம், பெண் வீட்டார் இவரைத்தான் அடிக்க வந்தார்களாம். உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் வாயை மூடவே கூடாது, மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஆளைத் தொட வேண்டும், குரலால்: அதுதான் தன் வேலையின் முதல் பாடம் என்று பிறகு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெயினை இறக்கி, அண்ணன் தந்த முக்கோணச் சாவியால் கதவைத் திறந்து, ஸ்டூலை இறக்கி என்னை இழுத்தெடுத்தான் வாட்ச்மேன். நேராகக் கட்டிலருகே போனேன். தோளில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதை டம்ளரில் பிடித்துக் கவிழ்த்து அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

"இதுவும் பழ ஈயா அண்ணே?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எப்ப தெரியும்?"

"மொத நாளே. கீழ குழி இருக்கும்ல, லிப்ட்டுக்கு அடியில. அதுல தண்ணி நின்னா இந்த ஈ வரும். எத்தனை கட்டடத்துல பாத்திருக்கேன். சாக்கடைக் குழாய் கசிஞ்சிருக்கு. லிப்ட் ஏறும்போது காத்தை மேல தள்ளுதுல்ல, அதோட இதுவும் வந்துடுது. குழியில ஒரு சுவிட்ச் இருக்கு, பாதுகாப்புக்கு. அது ஈரத்துல அரிச்சுப் போச்சு. அதான் நின்னு நின்னு ஓடுது. இவனுங்க மேலயே பாத்துட்டுப் போறானுங்க."

"சொன்னா சரி பண்ணிடுவாங்க."

"ஒரு நாள் வேலை."

அவர் வாழைப்பழத்தைக் குறை சொன்னதெல்லாம் என்னைத் திசைதிருப்பத்தான். நான் ஈயை நூல் பிடித்துக் குழி வரை போய்விடக் கூடாது. லிப்ட் சரியானால் மறுநாளே வேன் வரும்.

"யாருகிட்டயும் சொல்லப்போறியா?" என்று கேட்டார்.

"எனக்கு லிப்ட் பத்தி என்ன தெரியும்? நீங்க சொல்லுங்க, இல்ல சொல்லாம இருங்க. ஆனா அஞ்சாம் மாடி மருமக மாசமா இருக்கா. அவ தினமும் படியிலயா ஏறுறா?"

"நிக்கறது மட்டும்தான் சிஸ்டர். விழாது. என்னைக்கும் விழாது."

"அடைபட்டுக் கிடந்தா போதாதா? விழ வேற வேணுமா?"

அதோடு விட்டுவிட்டேன். புண்ணைத் துடைத்து மருந்து போட்டேன். மெயினைப் போட்டதும் லிப்ட் ஒன்றும் நடக்காதது போல ஓட ஆரம்பித்தது. சாயங்காலம் சுவர் முனகியது. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"கனம் இல்ல. அந்தப் பொண்ணுதான்."

இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. எங்கள் சுவரைத் தாண்டும்போது ஒரு சின்ன விக்கல். மேலே கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டபிறகுதான் கையை எடுத்தார். சுவரில் உள்ளங்கை ஈரம் பதிந்திருந்தது.

"செயலாளரைக் கூப்பிடு" என்றார்.

கட்டடச் சங்கச் செயலாளர் இரும்புக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். "குழியில தண்ணியா? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. ஊரெல்லாம் என்னைத் திட்டித் தீக்குது."

"சொல்லியிருக்கலாம்" என்றார் லிப்ட்காரர். வேறு ஒரு காரணமும் சொல்லவில்லை.

குழியிலிருந்து கறுப்புத் தண்ணீரை இறைத்தார்கள். விரிசல் விட்ட குழாயை மாற்றினார்கள், சுவிட்சை மாற்றினார்கள். சுவரின் முனகல் சீரானது. சாம்பல் ஈக்கள் குறைந்து குறைந்து ஒரு நாள் காலியாயின. மகளுக்கு அவரே போன் செய்தார். "லிப்ட் சரியாயிடுச்சும்மா" என்றார். அந்தப் பக்கம் அவள் அழுதாள். எதற்கு என்று எனக்குத் தெரியாது.

வேன் வந்த அன்று அவர் சண்டை போடவில்லை. சக்கர நாற்காலியில் உட்காரவைத்து லிப்ட்டுக்குள் தள்ளினோம். மகளும் நானும் இல்லத்து ஆளும் ஏறினோம். வாட்ச்மேனைக் கூப்பிட்டு முக்கோணச் சாவியைக் கொடுத்தார்.

"மெயினை இறக்காம இதைத் தொட்ட, வந்து உதைப்பேன்."

"எப்படி சார் வருவீங்க?" என்றான் அந்த அப்பாவி.

கதவு மூடிக்கொண்டது. கீழே போய் நின்றதும் அவர் குனிந்து, லிப்ட்டின் தரையும் வெளித்தரையும் சேரும் இடத்தைப் பார்த்தார். "சமமா நிக்குது" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு வேறு வீடு கிடைத்தது, அதே தெருவில். ஒரு ஓய்வு நாளில் இல்லத்துக்குப் போனேன். சுத்தமான இடம், குறை சொல்ல முடியாது. தரைத்தளம், லிப்ட் கிடையாது. ஜன்னல் அவர் சொன்னது போல நாலு விரல்தான் திறந்தது. மேசையில் மகள் வைத்துவிட்டுப் போன பழத்தட்டு, அதன் மேலே சிவப்புக் கண்ணன்கள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"இங்க எல்லாம் இதுதான்" என்றார். "மத்தது ஒண்ணுகூட இல்ல. தினமும் மருந்து ஊத்திக் கழுவுறானுங்க. அங்க?"

"அங்கயும் இல்ல. லிப்ட் நல்லா ஓடுது. மூணாம் மாடிக்காரங்கதான் சாமான் ஏத்தும்போது கதவுல செருப்பை வச்சு நிறுத்துறாங்க."

"செருப்பையா? அறிவு கெட்டவனுங்க! கதவு மோட்டார் போயிடும்னு போய்ச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு." முகம் சிவந்து, எழுந்துவிடப் போகிறவர் போல முழங்கையை ஊன்றினார். பிறகு படுத்தார்.

பக்கவாட்டில் புரட்டி முதுகைப் பார்த்தேன். புண் ஆறிக்கொண்டிருந்தது. இங்குள்ள பெண்ணுக்கு வேலை தெரிந்திருக்கிறது.

கிளம்பும்போது கேட்டார். "அந்த வெளிக்கதவு எப்படித் திறக்குது சிஸ்டர்? சாவி மாட்டுற இடமே காணோமே."

"நம்பர் அழுத்தணும் அண்ணே. பக்கத்துல பொத்தான் இருக்கு."

"என்ன நம்பர்?"

பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும்தான் எண்ணைச் சொல்வார்கள், உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாசலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்த விதி எதற்கு என்று எனக்கு நன்றாகவே தெரியும். நானே பல இடங்களில் அதைக் காப்பாற்றியிருக்கிறேன். கட்டிலை விட்டு இறங்க முடியாதவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

சொல்லிவிட்டு வந்தேன்.